வலந்தலையும் செவிப்பறையும்: பெங்களூரில் ஒரு தோற்கருவி ஆய்வின் வரலாறு

சென்ற வாரம் ஆய்வு மாணவர்களுக்கான கலந்துரையாடல் ஒன்றில் ஓர் இளம் ஆய்வாளர் கேட்டார்: “சி. வி. இராமன் மிருதங்கத்தில் கண்டுபிடித்தது தோலைப் பற்றிய உண்மையா, காதைப் பற்றிய உண்மையா?” அவையில் நேரம் இல்லாமையால் இரண்டு வாக்கியங்களில் பதில் கூறி அமர்ந்துவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் அக்கேள்வி என்னை விடவில்லை. இந்திய அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இராமனின் மிருதங்க ஆய்வைப் பெருமிதத்தோடு குறிப்பிடுவர். ஆயின் அந்த ஆய்வு எந்த இடத்தில் நின்றது, நின்ற இடத்திலிருந்து யார் அதை எடுத்துச் சென்றனர், அதற்கு முன்னரே அதை யார் அறிந்திருந்தனர் என்பவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை. இம்மூன்றையும் இங்கே இயன்றவரை விரித்து எழுதுகிறேன். பதிவு நீண்டது; பொறுத்தருள்க.

இராமன் 1933-இல் கொல்கத்தாவை விட்டுப் பெங்களூருக்கு வந்தார். இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் அவர். (இந்நகரத்து ஆட்டோ ஓட்டுநர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்றே அதனை அறிவர்.) அடுத்த ஆண்டில் இந்திய அறிவியல் கழகத்தை இங்கே நிறுவினார். அக்கழகத்தின் ஆய்விதழ் 1934-இல் தொடங்கியபோது, அதன் முதல் தொகுதியிலேயே இந்திய இசை முழவுகள் குறித்த தமது கட்டுரையை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒளிச்சிதறல் குறித்து உலகமே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வேளையில் அவர் மணலை எடுத்து ஒரு தோலின் மீது தூவிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

இது திடீரென எழுந்த ஆர்வமன்று. கொல்கத்தாவில் அரசு நிதித்துறை அலுவலராக இருந்தபடியே அவர் செய்த தொடக்ககால ஆய்வுகளில் பெரும்பகுதி ஒலியியல் சார்ந்தது. வயலினின் வில்லோட்டம், வீணை, தம்பூரா ஆகியவற்றின் குதிரை அமைப்பு ஆகியன பற்றி எழுதியுள்ளார். 1920 சனவரியில் சிவகாளி குமார் என்பவருடன் இணைந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். சீரிசை மேற்சுரங்களைத் தரும் முழவுகள் உலகில் உள்ளன, அவை இந்தியாவில் உள்ளன என்பதே அதன் சாரம். 1934-ஆம் ஆண்டுக் கட்டுரை அக்குறிப்பின் முழு விரிவு.

அதில் என்ன வியப்பு என்று இசை மாணவர்கள் கேட்கக்கூடும். கம்பியை மீட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 2, 3, 4, 5 மடங்கு அதிர்வெண்களில் அமையும். எனவே கம்பி சுரம் பேசும். சீராக இழுத்துக் கட்டப்பட்ட வட்டத் தோல் அவ்வாறன்று. அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30, 2.65, 2.92, 3.16, 3.50, 3.60 மடங்குகளில் விழும். இவ்வெண்களுக்கிடையே எளிய உறவு ஏதுமில்லை. அதனால்தான் உலகின் பெரும்பாலான தோற்கருவிகளில் தாளம் உண்டு, திட்டமான சுருதி இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலும் தபலாவின் வலக்கருவியிலும் இந்த விதி உடைகிறது. உடைப்பது நடுவில் இடப்பட்ட அந்தக் கருவட்டம். சோறு என்றும் கரணை என்றும் மருந்து என்றும் அதனை அழைப்பர்.

இராமன் செய்த சோதனை எளியது. தோலின் மீது நுண்மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டவாறு மற்றோரிடத்தைத் தட்டினால், தோல் அசையாத கோடுகளில் மணல் சென்று சேரும். அக்கோடுகளைக் கண்டால் தோல் எவ்வாறு பகுதி பகுதியாகப் பிரிந்து அசைகிறது என்பது விளங்கும். அவர் 9 அசைவு முறைகளைப் பிரித்தறிந்தார். ஒன்பதும் ஒன்பது சுரங்களாக ஒலிக்கவில்லை. 5 சுரங்களாகத் திரண்டு நின்றன. முதல் அசைவு முதற்சுரம், இரண்டாவது அசைவு இரண்டாம் சுரம். அதன்பின் இரண்டு அசைவுகள் சேர்ந்து மூன்றாம் சுரம், இரண்டு சேர்ந்து நான்காம் சுரம், மூன்று சேர்ந்து ஐந்தாம் சுரம். ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் ஏறக்குறைய அமைந்தன.

கரணை இதை எவ்வாறு நிகழ்த்துகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். முதல் அசைவில் தோல் முழுவதும் ஒருசேர மேலும் கீழும் செல்கிறது. நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. அங்கே எடையை ஏற்றினால் அந்த அசைவு வெகுவாகத் தாமதப்படும், அதன் சுரம் இறங்கும். இரண்டாவது அசைவில் தோலின் ஒரு பாதி மேலே செல்லும்போது மறுபாதி கீழே செல்கிறது. சரியான நடுவிடம் அசைவதே இல்லை. எனவே கரணையின் எடை அதனை அவ்வளவாகத் தாக்காது. முதற்சுரம் நிறைய இறங்க, இரண்டாவது சிறிதே இறங்க, 1.59 என்றிருந்த விகிதம் 2-ஐ நோக்கி விரிகிறது. எடையையும் அகலத்தையும் தக்க அளவில் தெரிந்தால் ஏனைய சுரங்களும் வரிசைக்கு வந்துவிடுகின்றன. தோலின் உண்மை இவ்வளவே. இராமனின் கட்டுரையும் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஐந்து அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் இருப்பது ஓர் எண் கணக்கு. அது ஏன் நமக்கு ஒரே சுரமாகக் கேட்கிறது? 1, 1.59, 2.14 என்ற விகிதம் ஏன் வெறும் தட்டொலியாகக் கேட்கிறது? இக்கேள்விக்குத் தோலில் விடை இல்லை. விடை உட்செவியில் இருக்கிறது.

செவியின் அமைப்பைச் சுருக்கமாகவே கூறுகிறேன். பள்ளிப் பாடத்தில் நாம் படித்ததுதான். காற்றின் அழுத்த மாற்றம் செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று நுண்ணெலும்புகள் அவ்வசைவை உட்செவியின் நீள்வட்டச் சாளரத்துக்குக் கடத்துகின்றன. செவிப்பறையின் பயன்படு பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். சாளரத்தின் பரப்பு சுமார் 3 சதுர மில்லிமீட்டர். பெரும்பரப்பில் பெற்ற விசையைச் சிறுபரப்பில் குவிப்பதால் அழுத்தம் இருபது மடங்களவு கூடுகிறது. காற்றில் பிறந்த ஒலி உட்செவியின் நீர்மத்துள் நுழைய இந்தப் பெருக்கம் தேவை. இல்லையேல் பெரும்பகுதி ஒலி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதைப்போலத் திரும்பிவிடும். உள்ளே நத்தை ஓடுபோல் சுருண்ட காக்லியா. விரித்தால் 35 மில்லிமீட்டர் நீளம். அதன் உள்ளே நீளவாக்கில் ஓடுகிறது அடிச்சவ்வு. அதன்மேல் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்களும் 12,000 வெளிமயிர்ச் செல்களும் வரிசையாக நிற்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிருதங்கத்தின் தோல் வட்டமானது, எப்புறமும் ஒரே இழுப்புடையது. அடிச்சவ்வு அதற்கு நேர்மாறானது. நுழைவாயிலருகே குறுகலாகவும் விறைப்பாகவும், உள்முனையில் அகலமாகவும் தளர்வாகவும் இருக்கிறது. உயர்ந்த சுரங்கள் வாயிலருகிலும் தாழ்ந்த சுரங்கள் உள்முனையிலும் அதனை மிகுதியாக அசைக்கின்றன. ஒரு சவ்வு பல அசைவுகளைத் திரட்டிச் சில சுரங்களாக வெளியிடுகிறது. மற்றொரு சவ்வு அச்சுரங்களை மீண்டும் இடம் இடமாகப் பிரித்து வைக்கிறது.

பிரிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு சுரங்கள் மிக நெருங்கினால் அடிச்சவ்வில் அவற்றின் இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த எல்லை ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சர் 1940-இல் இவ்வெல்லைக்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார். கரணை இடப்படாத ஒரு தோலின் அடிச்சுரம் 150 ஹெர்ட்ஸ் என வைத்துக்கொள்வோம். அதன் 2.14, 2.30 மடங்குச் சுரங்கள் 321, 345 ஹெர்ட்ஸ்களில் விழும். இடைவெளி 24 ஹெர்ட்ஸ். செவி அவற்றைப் பிரித்தறியவும் மாட்டாது, ஒன்றாக இணைக்கவும் மாட்டாது. ஒரு கரகரப்பாகவே உணரும். கரணை இட்டபின் இவ்விரண்டு அசைவுகளும் சேர்ந்து மூன்றாம் சுரமாகின்றன. கரகரப்பு நீங்கிவிடுகிறது. எஞ்சும் ஐந்து சுரங்களும் செவியால் தனித்தனியே பிரித்தறியக்கூடிய இடைவெளிகளில் நிற்கின்றன. ஆக, கரணை செய்யும் வேலையின் ஒரு பாதி சுரங்களை விகிதத்தில் நிறுத்துவது. மறுபாதி செவியின் நெருக்க எல்லைக்குள் மோதிக்கொள்ளும் சுரங்களை அகற்றுவது. இரண்டாம் பாதியை எழுத 1920-இல் இராமனிடம் கருவிகள் இல்லை. 1934-இலும் எவரிடமும் முழுமையாக இல்லை.

அவரிடம் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இருந்தார். தம்மை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலியுணர்வு பற்றிய நூலை இராமனே பிற்காலத்தில் குறிப்பிட்டுள்ளார். 1863-இல் வெளிவந்த அந்நூல், காக்லியாவினுள் பியானோவின் கம்பிகளைப்போல வரிசையாக ஒத்ததிரும் இழைகள் உள்ளன என்று கருதியது. ஒவ்வோர் இழையும் ஒரு சுரத்துக்கு அசையும். அசையும் இழையை மூளை அறியும். அழகான கோட்பாடு. ஆனால் அது எழுதப்படுவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே அதற்கு ஒரு முட்டுக்கட்டை எழுந்திருந்தது. 1840-களில் ஸீபெக் என்பவர் சைரன் கருவியைக் கொண்டு செய்த சோதனைகளில், அடிச்சுரம் மிக மெலிதாக இருந்தபோதும் செவி அதன் சுருதியையே வலுவாகக் கேட்பதைக் கண்டார். ஓம் அதனை மறுத்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓமின் பக்கம் நின்றார். செவியின் உள்ளேயே அச்சுரம் உண்டாக்கப்படுகிறது என்று சமாதானம் கூறினார். 1940-இல் நெதர்லாந்தின் ஸ்ஹௌட்டன் அச்சமாதானம் பொருந்தாது என்று காட்டினார். மேற்சுரங்கள் சீரிசை வரிசையில் அமைந்திருந்தால், அவற்றின் அமைப்பிலிருந்தே செவியும் மூளையும் அடிச்சுரத்தை உய்த்துணர்கின்றன. அடிச்சுரம் அங்கே இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு இது புதிதன்று. ‘நம்’ என்னும் சொல்லுக்கு மோதிரவிரல் கரணையின் ஓரத்தில் மெல்லத் தொட்டிருக்க, ஆட்காட்டி விரல் விளிம்பைத் தட்டும். தொட்டிருக்கும் விரல் தோல் முழுவதும் ஒருசேர அசையும் முதல் அசைவை அடக்கிவிடுகிறது. ஆயினும் சுருதி கலைவதில்லை; தம்பூராவோடு இழைந்தே நிற்கிறது. எஞ்சிய சுரங்கள் தங்களுக்குள் ஒரே வரிசையில் நிற்பதால் செவி அவற்றை ஒருமித்துக் கேட்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இரண்டு பேரறிஞர்கள் வழக்காடிய பொருள், கச்சேரி மேடையில் ஒரு மோதிரவிரலின் கீழ் அன்றாடம் நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் பியானோக் கம்பிகளுக்கு முடிவு கட்டியவர் கேயார்க் ஃபான் பெக்கேஷி. புடாபெஸ்ட் நகரில் அஞ்சல் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் பொறியாளராக இருந்தவர். தொலைபேசியின் எந்தப் பாகத்தைத் திருத்தினால் காதுக்குப் பயன் மிகும் என்ற நடைமுறைக் கேள்வி அவரைச் செவியின் உள்ளே இட்டுச் சென்றது. இறந்தோரின் காக்லியாவைத் திறந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வின்மேல் நுண்ணிய வெள்ளித் துகள்களைத் தூவி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நுண்ணோக்கியால் பார்த்தார். தனித்தனி இழைகள் அசையவில்லை. வாயிலில் தோன்றிய ஓர் அலை சவ்வின் வழியே ஓடி, ஓரிடத்தில் உச்சம் அடைந்து, அதன்பின் சட்டென அடங்கியது. அவருடைய முதல் முடிவுகள் 1928-இல் வெளிவந்தன; 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவர் மணலைத் தூவியது வலந்தலையில், மற்றவர் வெள்ளியைத் தூவியது காக்லியாவில். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே உத்தியால் இருவரும் இரண்டு சவ்வுகளைப் படித்துக்கொண்டிருந்தனர்.

இராமன் இரண்டாவது சவ்வை நோக்கித் திரும்பவே இல்லை. தம் இறுதிக் காலத்தில் புலனுணர்வு ஆராய்ச்சியில் இறங்கினார். ஆனால் அவர் தேர்ந்தது கண்ணை. 1968-இல் பார்வையின் உடலியங்கியல் குறித்து ஒரு நூல் எழுதினார். அதன் நிறக்கொள்கையை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. அதே உழைப்பைச் செவிக்குத் தந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எனக்கு உண்டு. வரலாற்று ஆய்வாளருக்கு இத்தகைய ஏக்கங்கள் ஆகா என்பதையும் அறிவேன்.

ஆனால் பெங்களூரில் அக்கேள்வி அணைந்துவிடவில்லை. வேறொரு கட்டடத்துக்கு மாறியது. இந்திய அறிவியல் நிறுவனத்தின் மின்தொடர்புப் பொறியியல் துறையில் பி. எஸ். இராமகிருஷ்ணா ஒலியியல் ஆய்வை வளர்த்தெடுத்தார். அவரும், 1953-இல் அங்கே பட்டயம் பெற்ற மன் மோகன் சோந்தி என்னும் இளைஞரும் சேர்ந்து 1954-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இராமன் மணலில் கண்டதை அவர்கள் கணிதத்தில் நிறுவினர். தோலை இரண்டு பகுதிகளாகக் கொண்டனர்: அடர்த்தி மிக்க உள்வட்டம், அடர்த்தி குறைந்த வெளிவளையம். உள்வட்டத்தின் ஆரம் முழு ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்களவில் இருக்க, அடர்த்தி விகிதமும் பொருத்தமாக அமைந்தால் சுரங்கள் சீரிசையை நெருங்குகின்றன என்பதைக் கணக்கிட்டுக் காட்டினர். அதே ஆண்டு, அதே ஆய்விதழின் அதே 26-ஆம் தொகுதியில், லிக்லைடர் என்னும் அமெரிக்க உளவியலாளரின் சுருக்கக் குறிப்பு ஒன்றும் உள்ளது. அடிச்சுரம் இருக்கவேண்டிய இடத்தை இரைச்சலால் மூடிவிட்டாலும் செவி அச்சுருதியைக் கேட்கிறது என்பதே அதன் செய்தி. (பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவராக அறியப்பட்ட அதே லிக்லைடர்தான்.) தோலின் கணக்கும் செவியின் கணக்கும் ஒரே தொகுதியின் இரு பக்கங்களில், ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன. நூலகத்தில் அத்தொகுதியைப் புரட்டியபோது இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கண்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது.

சோந்தி அமெரிக்கா சென்று விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்று, 1962-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். தொலைபேசியில் நம் குரல் நமக்கே எதிரொலிப்பதை நீக்கும் தகவமைப்பு முறைக்காக அவர் பெயர் பெற்றார். 1979-இல் ஜான்ட் ஆலனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை காக்லியாவின் இயக்கத்தைக் காலவரிசையில் கணக்கிடும் முறையைத் தந்தது. பெங்களூரில் மிருதங்கத் தோலின் அசைவைக் கணக்கிட்டுத் தம் ஆய்வு வாழ்வைத் தொடங்கியவர், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அடிச்சவ்வின் அசைவைக் கணக்கிட்டார். இவ்விரு கட்டுரைகளையும் ஒருசேர வைத்து எழுதப்பட்ட வரலாறு எதையும் நான் இதுவரை கண்டதில்லை.

அதே துறையில் பயின்று, 1957 முதல் 1960 வரை அங்கேயே ஒலியியல் விரிவுரையாளராக இருந்தவர் பிஷ்ணு அடல். அவரும் 1961-இல் பெல் ஆய்வகம் சென்றார். அதே 1979-இல் ஷ்ரோடர், ஹால் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, செவியின் மறைப்புப் பண்பைப் பேச்சுச் சுருக்கத்துக்குப் பயன்படுத்துவது பற்றியது. வலிய சுரம் ஒன்று ஒலிக்கும்போது அதனருகே உள்ள மெலிந்த ஒலியைச் செவி கேட்பதில்லை. குரலை எண்களாகச் சுருக்கும்போது பிழை இரைச்சல் தோன்றவே செய்யும். அதை நீக்க இயலாது, ஆனால் குரலின் வலிய சுரங்களுக்குப் பின்னே ஒளித்துவைக்கலாம். இன்று கைபேசியில் நாம் பேசும் பேச்சு பயணிக்கும் முறைகளுக்கு இக்கருத்து ஓர் அடிப்படை. மேலே கூறிய அந்த 100 ஹெர்ட்ஸ் எல்லைதான் இங்கும் வேலை செய்கிறது. மிருதங்கத்தில் கரகரப்பாகத் தோன்றும் செவியின் குறை, கைபேசியில் பயனாக மாறியிருக்கிறது.

இதுவரை கூறியது பல்கலைக்கழகங்களின் வரலாறு. இனி இதற்கு முந்தைய ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரின் பழைய பகுதியொன்றில் மிருதங்கம் செப்பனிடும் ஒரு முதியவரின் சிறு கடையில் பல மாலைகள் அமர்ந்திருந்தேன். தமிழர், தலைமுறைகளாக இத்தொழில் செய்யும் குடும்பம். வேகவைத்த சோற்றைக் கிட்டக்கல் பொடியோடு பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தோலின் நடுவில் பரப்பி, வழவழப்பான கல்லால் ஈரம் போகத் தேய்ப்பார். தட்டிப் பார்ப்பார். அடுத்த படலம். மீண்டும் தேய்ப்பு. படலங்கள் ஏற ஏற ஓசை மாறிக்கொண்டே வரும். நான் குறிப்பேட்டில் படலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “தம்பி, கணக்கு எழுதி என்ன பண்றது? தோலுக்குத் தோல் மாறும். காதக் குடு, எங்க நிறுத்தணும்னு அதுவே சொல்லும்” என்றார்.

அவர் கூறியதில் இயற்பியலுக்குப் புறம்பானது ஒன்றுமில்லை. ஒவ்வொரு தோலும் தடிப்பிலும் விறைப்பிலும் வேறுபடும். இராமகிருஷ்ணாவும் சோந்தியும் கணக்கிட்ட விகிதம் சீரான, இலட்சியத் தோலுக்குரியது. கடையில் உள்ள தோலுக்கு அளவுகோல் காது மட்டுமே. ஐந்து சுரங்களும் வரிசைக்கு வரும் தருணத்தைச் செவி ஓர் ஒருமையாக உணர்கிறது. தட்டொலி சுரமாக மாறும் அந்த எல்லையை அவர் ஒவ்வொரு கருவியிலும் தேடிக் கண்டடைகிறார்.

சுருதி கூட்டும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். வலந்தலையின் விளிம்பைச் சுற்றிப் 16 கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஓசை ஒத்திருக்கவேண்டும். ஒருபுறம் இழுப்பு சற்று மிகுந்தால், தோலின் இரண்டாவது அசைவு இரண்டாகப் பிளந்துவிடும்: ஒரு திசையில் 300 ஹெர்ட்ஸ், குறுக்குத் திசையில் 304 ஹெர்ட்ஸ் என்பதுபோல. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு நான்கு விம்மல்கள் எழும். முதியவர் கண்ணுக்குக் கண் தட்டி, இந்த விம்மலைத்தான் தேடுவார். எங்கே உண்டோ அங்கே விளிம்பில் கல்லும் கட்டையும் கொண்டு ஓர் அடி. தட்டிய ஓசையோ விரைவில் தேய்ந்துவிடும். எனவே நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான விம்மலைக் கேட்க நேரமே இருக்காது. அதற்குக் கீழே உள்ள பிழை கருவியிலும் குறையன்று, கச்சேரியிலும் குறையன்று. கருவியின் துல்லியம் எந்த அளவில் போதும் என்பதைச் செவியும் ஓசையின் ஆயுளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதற்கு மேல் அவர் ஒரு தட்டுக்கூடக் கூடுதலாகத் தட்டுவதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. சீரிசை முழவு என்னும் இந்த அருஞ்சாதனையை இராமன் பண்டைய இந்தியரின் ஒலியறிவுக்கு உரியதாக்கினார். பாராட்டாகவே கூறினார், ஐயமில்லை. காலனிய ஆட்சியில் ஓர் இந்திய அறிவியலாளர் அவ்வாறு கூறவேண்டிய தேவையும் இருந்தது. ஆயினும் ‘பண்டைய’ என்ற ஒரு சொல் அறிவை ஈராயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அவர் மணல் தூவிய அந்தக் குறிப்பிட்ட தோலில் கரணை இட்டவர் பண்டையவர் அல்லர், சமகாலத்தவர். 9 அசைவுகளும் 5 சுரங்களாகத் திரளும் இடத்தில் அவர் தம் கையை நிறுத்தியிருக்காவிட்டால் மணல் அந்த வடிவங்களைக் காட்டியிருக்காது. அந்நிறுத்தம் ஒரு செவிப்புலச் சோதனையின் முடிவு. ஆசிரியர் வரிசையில் அவர் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சாதி ஒரு பெரும் காரணம். தோலைத் தொடுவோர் யார், தொட்டு முடித்த கருவியை வாசிப்போர் யார் என்னும் பிரிவினை நம் இசையுலகில் நெடுங்காலம் நிலவியது. டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020) இப்பொருளை விரிவாக ஆவணப்படுத்தியுள்ளது. தஞ்சாவூரைச் சேர்ந்த தலித் கிறித்துவக் குடும்பங்களின் கைகளில் மிருதங்கம் எவ்வாறு இன்றைய வடிவத்தை அடைந்தது என்பதையும், பாலக்காடு மணி ஐயருடன் பர்லாந்து என்னும் கைவினைஞர் கொண்டிருந்த நெருங்கிய கூட்டுழைப்பையும் அந்நூல் வழியே அறியலாம். வாசிப்பவர் ஓர் ஓசையைக் கேட்பார்; செய்பவர் அதற்கேற்பத் தோலையும் கரணையையும் மாற்றுவார்; மீண்டும் கேட்பார்கள். ஆய்வகத்தில் இதற்குச் சோதனை என்று பெயர். நம் அறிவியல் வரலாற்றுப் பாடத்திட்டங்களில் அந்நூல் இன்னும் இசைத்துறைப் பட்டியலில் மட்டுமே இருப்பது எனக்கு உறுத்தலாக உள்ளது. ஒலியுணர்வு பற்றிய பாடத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அருகே அது இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவரின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் கூறி நிறுத்துகிறேன். நாம் காதின் சவ்வைச் செவிப்பறை என்கிறோம். பறையும் காதும் ஒரே சொல்லில் இணைந்திருக்கின்றன. ஆனால் செவி வெறும் பறையன்று என்பதை 1978-இல் இலண்டனில் டேவிட் கெம்ப் நிறுவினார். காதுக்குள் ஒரு சொடுக்கொலியைச் செலுத்திவிட்டுக் காத்திருந்தால், சில மில்லிநொடிகளில் காதிலிருந்து ஒரு மெல்லிய ஒலி திரும்பி வருகிறது. வெளிமயிர்ச் செல்கள் தாமே அசைந்து அடிச்சவ்வின் அசைவைப் பெருக்குவதன் விளைவு அது. பெக்கேஷி ஆராய்ந்தவை இறந்த செவிகள் ஆதலால் இப்பெருக்கத்தை அவர் காண இயலவில்லை. இன்று பிறந்த குழந்தையின் காதில் சிறு குமிழைப் பொருத்தி மருத்துவமனைகளில் செய்யும் சோதனை இந்த எதிரொலியைத்தான் தேடுகிறது. அது வராத குழந்தைகளைக் கூடுதல் சோதனைகளுக்கு அனுப்புகிறார்கள்.

மிகக் கடுமையான கேள்விக்குறைபாடுடைய குழந்தைகளுள் சிலருக்குக் காக்லியா உட்பதியம் பொருத்தப்படுகிறது. 3,500 உள்மயிர்ச் செல்கள் நின்ற இடத்தில் இருபதையொட்டிய மின்முனைகள். பேச்சைப் புரிந்துகொள்ள அவை பெரிதும் உதவுகின்றன. அது மருத்துவத்தின் மாபெரும் வெற்றி. ஆனால் நெருங்கிய சுரங்களைத் தனித்தனியே பிரித்தறிய அவ்வளவு குறைந்த முனைகளால் இயலாது. தாளத்தை நன்கு உணரும் அக்குழந்தைகளுக்குச் சுருதியை உணர்வது அரிதாகிறது. அவர்கள் முன் மிருதங்கம் வாசித்தால் நடையும் கோர்வையும் கேட்கும். கரணை இட்ட தோலுக்கும் இடாத தோலுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கேட்காது. தோல் அதேதான், அதன் ஐந்து சுரங்களும் அறையின் காற்றில் இருக்கவே செய்கின்றன.

முதியவரிடம் இதை ஒருநாள் கூறினேன். கரணையைத் தேய்த்துக்கொண்டிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் பிள்ளைங்கள ஒருநாள் கூட்டிட்டு வா தம்பி. தோல்மேல கை வெச்சுப் பாக்கட்டும்” என்றார்.